குடும்பக் கடனும் கூட்டுத் துணையும்



முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் நான். வருகைப் பதிவேட்டைப் பார்த்தே ஒரு வீட்டின் நிலைமையை ஓரளவு அறிந்துவிடலாம் என்னும் செருக்கு எனக்கு ஒரு காலத்தில் இருந்தது. அதனைப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் உடைத்தான்.

1998-ஆம் ஆண்டின் தொடக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. கணக்கில் தொண்ணூறுக்குக் குறைந்து மதிப்பெண் வாங்கி அறியாதவன். காய்ச்சலாக இருக்கும் என்று நானே எண்ணிக்கொண்டேன். மூன்றாம் வாரம் அவன் வீட்டுக்குப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. அவன் தந்தையார் வெளியூர்க் கடைக்காரர் ஒருவரிடம் கடன்பட்டிருந்தார். வட்டியும் முதலுமாகப் பதினோராயிரம் ரூபாய். பையன் அந்தக் கடையில் வேலைக்கு நின்றான். அவன் கூலி வட்டிக்கு ஈடாகக் கழிந்துகொண்டிருந்தது. "முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். "எப்படிங்க ஐயா சொல்றது? நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிடுமே" என்றார் அவர்.

கடனுக்கு ஈடாக ஒருவருடைய உழைப்பை எழுதி வாங்குவது கொத்தடிமை முறையாகும். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. அத்தகைய கடனைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொறுப்பும் இல்லை என்று அச்சட்டம் கூறுகிறது. இது எனக்குத் தெரியும். அந்தத் தந்தையாருக்குத் தெரியாது. அவருடைய கடன் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே ஊரில், அரைக் கல் தொலைவில் இருந்தோம். சட்டத்தை எடுத்துக் கூறியபின் கடைக்காரர் பையனை அனுப்பிவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் அவன் ஊர் திரும்புவதற்குள் பொதுத்தேர்வு முடிந்துவிட்டது. மறு ஆண்டும் அவன் பள்ளிக்கு வரவில்லை.

கடன் வாங்குவதே குற்றம் என்று நான் கூற வரவில்லை. விதைக்கும் உரத்துக்கும் உழவன் கடன் வாங்குகிறான். நூலுக்கு நெசவாளி வாங்குகிறான். மருத்துவத்துக்கு வாங்காத குடும்பம் அரிது. கடனைக் காட்டிலும் அதனை மறைப்பதே குடும்பங்களைக் கூடுதலாகக் கெடுக்கிறது என்பதுதான் நான் கண்டது. மறைத்த கடனுக்கு வட்டி அதிகம். ஏனெனில் மறைக்க விரும்புகிறவனால் நாலு இடத்தில் விசாரித்து வாங்க இயலாது. எங்கே ஓசைப்படாமல் கிடைக்கிறதோ அங்கேதான் அவன் போவான்.

அந்த ஓசையில்லாத இடங்களின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். கரும்பலகை இல்லாமல் வானொலியில் கணக்குச் சொல்லுவது சற்றுக் கடினம். தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பேச்சில் வட்டியை மாதக் கணக்கில்தான் சொல்லுவார்கள். "இரண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய். ஆண்டுக்கு 24 விழுக்காடு. "மூன்று வட்டி" என்றால் 36. இரண்டு, மூன்று என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றுகிறது, அதில்தான் ஏமாற்றம். இனித் தண்டல். காலையில் கடைவீதியில் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, 8,500 கொடுப்பார். நாள்தோறும் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். பார்வைக்கு 15 விழுக்காடு. ஆனால் கையில் வந்தது 8,500 மட்டுமே. அதுவும் நாளுக்கு நாள் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. நூறு நாளும் சராசரியாக நம்மிடம் இருந்த பணம் ஏறத்தாழ 4,250 ரூபாய்தான். அந்தத் தொகைக்கு 1,500 ரூபாய் வட்டி என்றால் நூறு நாளைக்கு 35 விழுக்காடு. ஆண்டுக் கணக்கில் பெருக்கினால் ஏறத்தாழ 129 விழுக்காடு ஆகிறது! மிகை வட்டியைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-ஆம் ஆண்டில் வந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை அது பெயர் சொல்லியே குறிக்கிறது. ஆயினும் தண்டல்காரர் வராத கடைவீதியை நான் இன்னும் கண்டதில்லை.

தவணைக் கடைகளின் கணக்கும் இத்தகையதே. 12,000 ரூபாய்ப் பொருள், 12 விழுக்காடு வட்டி, மாதம் 1,120 வீதம் 12 மாதம் என்பார்கள். மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வந்தும் வட்டியை முழுத் தொகைக்கே போடுவதால், உண்மை வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

இவ்வளவு கணக்குச் சொல்லுகிற நானும் ஒரு காலத்தில் மறைத்தவன்தான். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது.

1986-ஆம் ஆண்டு என் தங்கையின் திருமணம் நடந்தது. அப்போது நான் பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அண்ணன் அரசாங்க வேலையில் இருக்கிறான் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சுக்குத் தகுந்தாற்போலச் செலவு செய்தேன். திருமணம் முடிந்த சில மாதங்களில் என் நிலை இதுதான்: அடகுக் கடையில் 3,000 ரூபாய், இரண்டு வட்டி, புரோநோட்டு எழுதிக்கொடுத்து வாங்கியது 4,000, மூன்று வட்டி, இவற்றின் வட்டியைக் கட்டுவதற்காக எடுத்த தண்டல் ஒன்று, நண்பரிடம் கைமாற்று 500, மளிகைக் கடைப் பற்று 700. என் மனைவிக்கு இவற்றுள் மளிகைக் கடைப் பற்று ஒன்றுதான் தெரியும். சம்பள நாளன்று வீட்டுக்குப் போகுமுன் மூன்று இடங்களுக்குப் போய்விட்டுப் போவேன். தண்டல்காரர் பள்ளிக்கூட வாயிலுக்கு வந்துவிடக்கூடாதே என்று, காலையில் நானே சுற்றுவழியில் போய்ப் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு வருவேன்.

பள்ளியில் ஓய்வு பெறும் நிலையில் எழுத்தர் ஒருவர் இருந்தார். என் சுற்றுவழியை அவர் எப்படியோ கவனித்துவிட்டார். ஒருநாள் மாலை எல்லாரும் போனபின் என்னை அழைத்து உட்காரச் சொல்லி, ஒரு முழுத் தாளில் நான்கு பத்திகள் கோடிட்டார். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி என்பன முதல் மூன்று. நான்காம் பத்தியின் தலைப்பில் "யாருக்குத் தெரியும்" என்று எழுதினார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். தண்டலில் அப்போது நிலுவை 800. மொத்தம் கூட்டினால் 9,000 ரூபாய். அதுவரை நான் அவற்றைக் கூட்டியே பார்த்ததில்லை. கணக்கு ஆசிரியனாகிய நான்! அடகுக்கும் புரோநோட்டுக்குமாக மாத வட்டி மட்டும் 180. தண்டலுக்கு மாதம் 300. கைக்கு வந்த ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்ச் சம்பளத்தில் 480 இப்படிப் போய்க்கொண்டிருந்தது; பெரிய கடன்களின் முதலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. நான்காம் பத்தி, மளிகைக் கடை வரியைத் தவிர, முழுவதும் வெறுமையாக இருந்தது. அவர் அதைச் சுட்டிக்காட்டி, "தம்பி, முதல்ல வீட்டிலே சொல்லிட்டு வாங்க. மத்ததை அப்புறம் பார்ப்போம்" என்றார்.

அன்றிரவு சொன்னேன். என் மனைவி கடனுக்காகச் சினக்கவில்லை. "இத்தனை நாளா நான் இந்த வீட்டிலே யாரு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் அரிசிப் பானைக்குள்ளிருந்து தம் சிறுவாட்டுப் பணம் 340 ரூபாயை எடுத்து வைத்தார். அவரிடமும் எனக்குத் தெரியாத ஒரு கணக்கு இருந்தது என்பதை நான் அப்போது சுட்டிக்காட்டவில்லை. அந்த அளவு அறிவு எனக்கு இருந்தது.

அதன்பின் எழுத்தர் காட்டிய வழி, ஆசிரியர்களின் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம். உறுப்பினராகச் சேர்ந்து, உடன் பணியாற்றும் ஆசிரியர் இருவர் பிணை நிற்க, 12 விழுக்காடு வட்டியில் 6,000 ரூபாய்க் கடன் பெற்றேன். அதைக்கொண்டு புரோநோட்டு, தண்டல், கைமாற்று, மளிகைப் பற்று ஆகிய நான்கையும் ஒரே நாளில் தீர்த்தேன். சங்கத்துக்கு முதலில் மாதம் 200, முதல் மாத வட்டி 60, ஆக 260. அடகு வட்டி 60 சேர்ந்து 320. முன்பு 480 கட்டியும் குறையாத கடன், இப்போது 320 கட்ட, முப்பது மாதத்தில் சங்கக் கடன் அடியோடு தீர்ந்தது. சிறுவாட்டுப் பணத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகச் சேர்த்து நகையையும் மூழ்காமல் திருப்பிவிட்டோம். பிணை நின்ற இருவருக்கும் என் கடன் தெரியும். அதனால் மானம் ஒன்றும் போய்விடவில்லை. ஒருவர் மட்டும், நான் புதுச் சட்டை போட்டு வந்த அன்று அதை உற்றுப் பார்த்தார். அது எனக்கு நல்லதாகவே முடிந்தது.

இப்படி ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் முறை நம் மாநிலத்துக்கு வந்த வரலாறு சுவையானது. சென்ற நூற்றாண்டுக்கும் முன், உழவர்களின் கடன் சுமையைக் கண்ட சென்னை அரசாங்கம், 1892-இல் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பாவில் உள்ள உழவர் வங்கிகளைப் பற்றி ஆராயும்படி பணித்தது. 1895-இலும் 1897-இலும் இரு பகுதிகளாக வெளிவந்த அவருடைய அறிக்கை, ஜெர்மனியின் ரைஃபைசன் வழியை நமக்குப் பரிந்துரைத்தது. ரைஃபைசன் சிற்றூர்களின் நிருவாகத் தலைவராக இருந்தவர். அவருடைய சங்கங்கள் ஓர் ஊர் எல்லைக்குள் அடங்கும். உறுப்பினர் எல்லாரும் எல்லாருடைய கடனுக்கும் பொறுப்பு. ஒருவன் வாங்கிய பணத்தில் மாடு வாங்கினானா, சூதாடினானா என்பது அடுத்த வீட்டுக்காரனுக்குத் தெரியும். அந்த அறிவுதான் சங்கத்தின் ஈட்டுப் பத்திரம். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் ஊர்ப்புறக் கடன் சங்கம் தோன்றியது. வீட்டுச் செலவுக்கான பொருள்களைச் சரியான விலையில் தரவேண்டும் என்று திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியதும் அதே 1904-இல்தான்.

அந்தச் சங்கங்களில் நெடுங்காலம் ஆண்களே இருந்தனர். வீட்டுச் செலவை நடத்துகிற பெண்கள் தாமே கூடியது பிற்பாடு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்றன. 1992-இல் இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியை நபார்டு வங்கி மேற்கொண்டது.

2009-இல் அத்தகைய குழு ஒன்றன் கூட்டத்தில், மரத்தடியில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பதினைந்து பெண்கள் வட்டமாக அமர்ந்திருந்தனர். ஊக்குநர் பெயர் படிக்க, ஒவ்வொருவரும் சந்தாவை நடுவில் வைத்தார். பிறகு கடன் கேட்பு. ஓர் அம்மையார் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு 5,000 கேட்டார். "போன தடவை வாங்கினது எவ்வளவு நிக்குதக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, பந்தலுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். "தெருமுனையிலே அத்தனை பெரிய பேனர் எதுக்கக்கா? நம்ம தெருவிலே உங்க மகளைத் தெரியாதவங்க யாரு?" என்று இன்னொருத்தி கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள், கேட்ட அம்மையாரும் சிரித்துவிட்டார். 3,000 என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். இந்த உரையாடல் தண்டல்காரரிடம் நடக்குமா? அவர் 5,000 அன்று, 10,000 வேண்டுமா என்று கேட்பார். அன்றியும், குழுவில் கட்டும் வட்டி வெளியே போவதில்லை. குழுவின் பொதுப் பணத்தோடுதான் சேருகிறது.

நம் நாட்டார் இதனைச் சட்டமும் சங்கமும் இன்றியே வேறு வகையில் நடத்திவந்திருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி ஆகிய பக்கங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்துகள் நடக்கும். திருமணம் முதலிய விசேடம் எதுவும் இல்லாமலே, மொய் வாங்குவதற்காகவே இலைபோட்டு விருந்து வைப்பார்கள். வந்தவர் உண்டு, மொய் எழுதிப் போவார். அதில் சேரும் தொகையைக் கொண்டு நிலம் வாங்கியவர், கிணறு வெட்டியவர், பிள்ளையைப் படிக்கவைத்தவர் உண்டு. ஒரு குடும்பம் விருந்து வைத்தால் அடுத்த முறை வர ஐந்து ஆண்டு போலாகும். இடையில் பிறர் விருந்துகளுக்குப் போய், வாங்கியதோடு சற்றுக் கூட்டிச் செய்யவேண்டும். மொய் நோட்டுதான் ஆவணம். வட்டி என்னும் சொல்லே இல்லை. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு புகழமாட்டேன். மொய் அன்பளிப்பு அன்று. திரும்பச் செய்யவேண்டிய கடன். 2018 நவம்பரில் கஜாப் புயல் அந்தப் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தென்னை போன வீட்டுக்கும் மொய் நோட்டில் எழுதிய கணக்கு அப்படியேதான் இருக்கும்.

துணை என்பது நெருக்கடியாக மாறும் இடமும் உண்டு. குழுவாகப் பெண்களைச் சேர்த்துக் கடன் தரும் நிறுவனங்கள் சிலவற்றின் ஆட்கள், ஒருவர் தவணை தவறினால் மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணையில் இருட்டும்வரை உட்கார்ந்துவிடுகிறார்கள். மரத்தடியில் கடனைக் குறைத்துக் கேட்கச் சொன்ன அதே அக்கம்பக்கம், இங்கே தண்டல்காரரின் ஆளாகிவிடுகிறது. 2022-இல் ரிசர்வ் வங்கி, சிறுகடன் வாங்கும் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. வங்கிகளுக்காகவும் நிதி நிறுவனங்களுக்காகவும் வசூலுக்கு வருகிறவர் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்றும் அவ்வாண்டில் அறிவுறுத்தியது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2025-இல் தனிச் சட்டமே இயற்றியது. இவை எல்லாம் ஒருவர் வாய் திறந்து சொன்னால்தான் உதவிக்கு வரும்.

உங்கள் வயதினருக்கு வந்திருக்கும் புதிய ஓசையில்லாத இடம், கையில் இருக்கும் தொலைபேசி. கடன் செயலிகள் பத்து நிமிடத்தில் பணம் தருகின்றன. அப்பாவிடம் கேட்கவேண்டியதில்லை, பிணையும் வேண்டியதில்லை. கல்லூரி மாணவர்கள் இவற்றில் சிக்குவது இந்தத் தனிமை வசதியால்தான். செயலி உங்கள் தொலைபேசியில் உள்ள பெயர்ப் பட்டியலையும் படங்களையும் தொடக்கூடாது. ஆண்டு வட்டி மொத்தம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் காட்டவேண்டும். 2022-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி நெறிமுறை இவ்வாறு கூறியது. பெயர்ப் பட்டியலைக் கேட்கும் செயலி அந்தப் பட்டியலில் உள்ளவர்களிடம் உங்களை அவமானப்படுத்தப் போகிறது என்று பொருள். அப்படி மிரட்டல் வந்தால் அன்றைக்கே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். 1930 என்னும் எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குப் புகார் செய்யலாம். ஏனைய கடன் வழக்குகளில், மாவட்டந்தோறும் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு மகளிர், தாழ்த்தப்பட்டோர், வருவாய் குறைந்தோர் முதலியவர்களுக்குக் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி தருகிறது. அதன் எண் 15100.

அன்றாடச் செலவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கணக்கு எழுதவேண்டும், அவ்வளவுதான். கையால் எண்ணிக் கொடுத்த காலத்தில் பணம் குறைவது விரலுக்குத் தெரிந்தது. இப்போது திரையைத் தொட்டதும் போய்விடுகிறது. ஆனால் தொலைபேசியே ஒவ்வொரு செலவையும் தேதியோடு எழுதிவைக்கிறது; மளிகைக் கடைப் பற்று நோட்டைக் காட்டிலும் நேர்மையான நோட்டு அது. மாதக் கடைசியில் அதனை அம்மாவோடு உட்கார்ந்து படிக்கலாம். கல்லூரிக் கல்விக் கடன் உங்கள் பெயரில் இருந்தால், அதற்கு இதுவரை எவ்வளவு வட்டி சேர்ந்திருக்கிறது என்பதையும் அந்தத் தாளில் ஒரு வரியாக எழுதுங்கள். படிக்கும் காலத்தில் தவணை கட்டவேண்டாம் என்பதால் வட்டியும் ஓடாது என்று எண்ணும் மாணவர் பலரை நான் பார்த்திருக்கிறேன், ஓடத்தான் செய்கிறது.

"வீட்டுக் கடனைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. 1998-இல் அந்தப் பையனுக்குக் கடையில் கொண்டுபோய் விடும் நாள்வரை ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால், கணக்கில் அவ்வளவு கெட்டிக்காரனாகிய அவன், பதினோராயிரத்தில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று என்னிடம் வந்து கேட்டிருப்பான். அந்தக் கேள்வியை அவன் கேட்டிருந்தால் நானும் அன்றே கேட்டிருப்பேன், எதற்காகக் கேட்கிறாய் என்று.

எழுத்தர் கோடிட்ட அந்தத் தாள் இன்னும் என் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மடித்த இடங்களில் கிழிந்துவிட்டது. நான்காம் பத்தியில் முதற்பெயர் என் மனைவியின் கையெழுத்தில் இருக்கிறது, அவரே எழுதினார். அதன் கீழே பிணை நின்ற இருவர், அதற்கும் கீழே எழுத்தர். என் கையெழுத்து அதில் எங்கும் இல்லை.